பழைய மோட்டார் வண்டியின் அடையாளத் தகடு: துப்புரவும் செப்பனிடுதலும்

மோட்டார் வண்டியைச் செய்த தொழிற்சாலை தன் பெயரையும் வண்டியின் வகையையும் வரிசை எண்ணையும், சில சமயங்களில் எடை, குதிரைசக்தி, காப்புரிமை முதலிய விவரங்களையும் பொறித்து, முன்பலகையிலோ எஞ்சின் அறையின் தடுப்பிலோ ரிவிட் அடித்துப் பொருத்திய சிறு உலோகத் தகடே அடையாளத் தகடு எனப்படும். 17 குறிகள் கொண்ட ஒரே விதமான அடையாள எண் அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டு மாடல்களிலிருந்துதான் நிலைபெற்றது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் தன் போக்கில் எண்ணிட்டு வந்தமையால், பழைய வண்டியின் ஜாதகத்தை அறிய விரும்புவோர்க்கு இத்தகடே முதற்சாசனம். இதை அலங்காரமாகக் கருதிப் பளபளப்பாக்குவோரே இதற்குப் பெருந்தீங்கு செய்கின்றனர் என்பது செப்பனிடும் கலையில் தேர்ந்தவர்களின் அபிப்பிராயம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரசித்தி பெற்ற ஜீப் வண்டி இவ்விஷயத்திற்கு நல்ல உதாரணம். ஒஹையோ மாகாணத்து டொலிடோ நகரில் வில்லிஸ் கம்பெனியும், ஏறக்குறைய அதே வரைபடத்தின்படி ஃபோர்டு கம்பெனியும் இதைச் செய்தன. முன்பலகையிலுள்ள சிறு பெட்டியின் கதவில் பதிந்த தகடுகளில் ஒன்று வண்டியின் பெயர், வரிசை எண், எடை, ஒப்படைத்த தேதி ஆகியவற்றைக் கூறும். மற்றொன்று கியர் போடும் முறையைப் படமாகக் காட்டும். வில்லிஸ் வண்டியில் அடிச்சட்டத்தின் இடப்பக்க முன்பகுதியில் உட்புறமாக எண் தகடொன்று தனியே அறையப்பட்டிருக்க, ஃபோர்டு வண்டியிலோ அடிச்சட்டத்தின் மேற்புறத்திலேயே எண் நேராகக் குத்தப்பட்டிருக்கும். போர்க்களத்துப் பட்டறைகளில் இரு கம்பெனிகளின் உடலும் எஞ்சினும் அடிச்சட்டமும் ஒன்றுடனொன்று கலந்து போயின. ஆகையால் இந்த எண்களை ஒப்பிட்டுப் பாராமல் ஒரு ஜீப்பின் பூர்வீகத்தைத் தீர்மானிப்பது சாத்தியமன்று.

துப்புரவு தொடங்குமுன் தகடு எந்த உலோகத்தாலானது, அதன் எழுத்து எவ்வகையில் உண்டானது என்ற இரண்டையும் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். பழைய தகடுகள் பெரும்பாலும் பித்தளை. பின்னவற்றில் அலுமினியமும் துத்தநாகமும் துத்தநாகப் பூச்சிட்ட இரும்பும் உண்டு. கம்பெனியின் பெயர் முதலியவை அமிலத்தால் அரிக்கப்பட்டு, பள்ளமான பின்புலத்தில் கறுப்போ சிவப்போ எனாமல் நிரப்பப்பட்டிருக்கும். வண்டிக்கு வண்டி மாறும் எண்களையோ தொழிலாளி பின்னர்ப் பஞ்ச் வைத்துச் சுத்தியால் அடித்திருப்பான். அவ்வெண்கள் சற்றுச் சாய்ந்தும் ஆழம் மாறியும் இருப்பது குறையன்று; தகடு அசல் என்பதற்கு அதுவே ஒரு சாட்சி.

பித்தளையில் படியும் களிம்பைப் போக்கப் புளியும் எலுமிச்சையும் நம் சமையலறைகளில் நெடுங்காலமாய்ப் பயன்பட்டு வருகின்றன. ஆனால் பானைக்கு இசைந்தது தகட்டுக்கு இசையாது. அமிலத்தில் நெடுநேரம் ஊறினால் மேற்பரப்பிலுள்ள துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் எஞ்சி, தகடு இளஞ்சிவப்பு நிறம் கொண்டுவிடும். அம்மோனியா கலந்த திரவங்களும் ஜாக்கிரதைக்குரியவையே. பிரிட்டிஷ் இந்தியாவின் இராணுவத்தில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் வெளியில் எந்த அடியும் படாமலே விரிசல் கண்டன. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், கூடுகளை இழுத்து வடித்தபோது உலோகத்தினுள் தங்கிய அழுத்தமும் சேர்ந்தே அதற்குக் காரணம் என்பது 1921இல் விளக்கம் பெற்றது. பஞ்ச் அடித்த தகட்டிலும் அத்தகைய அழுத்தம் உள்ளே உறைந்திருத்தலால், அதை அம்மோனியாவில் ஊறப்போடுவது விவேகமாகாது. அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அமிலம், காரம் இரண்டுமே அரிக்கும். சாயம் ஏற்றி ஆக்சைடு படலம் வளர்த்த அலுமினியத் தகட்டிலோ நிறம் அப்படலத்தின் நுண்துளைகளில் தங்கியிருப்பதால், படலம் போனால் எழுத்தும் கூடவே போய்விடும்.

முதலில் தகட்டை இருந்த இடத்திலேயே வைத்து, பக்கத்திலிருந்து சாய்வாக ஒளி பாய்ச்சி, எல்லாக் கோணங்களிலும் படம் எடுத்துக்கொள்வது நன்று. மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தால், கண்ணுக்கு மங்கிய எண்ணும் துலங்குவதுண்டு. அதன்பின் இளஞ்சூடான நீரும் மிதமான சோப்பும் மென்மையான தூரிகையும் எண்ணெய் அழுக்கைப் போக்கப் போதும். பிற்காலத்தவர் தகட்டின்மேல் அடித்த பெயின்ட்டைத் தின்னரில் நனைத்த பஞ்சால் சிறிது சிறிதாக இளக்கி, மூங்கில் சீவலால் எடுக்க வேண்டும். தின்னர் புதுப் பெயின்ட்டையும் பழைய எனாமலையும் வேறுபடுத்தி அறியாது. எனவே ஒரு மூலையில் சோதித்துப் பார்ப்பது அவசியம். கம்பித் தூரிகையும் சுழலும் பஃப் சக்கரமும் எக்காரணத்தாலும் தகட்டை நெருங்கலாகாது. ஆழமற்ற எண்களின் விளிம்புகளை அவை சில நொடிகளில் மழுக்கிவிடும்.

அசல் எனாமல் பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தால் மட்டுமே மீண்டும் நிறம் நிரப்புவது நியாயம். தகட்டைக் கண்ணாடிப் பலகைமேல் சமமாகக் கிடத்தி, பள்ளங்கள் நிறையும்படி எனாமலைப் பூசி, மேடான எழுத்தின்மேல் படிந்ததை விறைப்பான அட்டையின் விளிம்பால் உடனே வழித்தெடுக்க வேண்டும். நன்றாகக் காய்ந்தபின், மரக்கட்டையில் சுற்றிய மிக நுண்ணிய நீர் உப்புத்தாளால் ஓரிரு முறை மெல்ல இழைத்தால் எழுத்து தெளிவாகும். மேற்காப்புக்கு மெழுகோ லாக்கரோ இடலாம். பிரிட்டிஷ் மியூசியத்தில் 1950களில் உருவான நுண்படிக மெழுகை உலகெங்கும் அருங்காட்சியகங்கள் பயன்படுத்துகின்றன. லாக்கர் நீடித்து நிற்குமாயினும், ஒரு கீறல் விழுந்தால் அதன்வழி ஈரம் புகுந்து அடியில் களிம்பு பரவும். மெழுகை வேண்டியபோது துடைத்துவிட்டு மறுபடி இடலாமாகையால் அதுவே உத்தமம்.

தேய்ந்துபோன எண்ணைப் புதுப் பஞ்ச் கொண்டு மறுபடி அடிப்பது கூடவே கூடாது. பஞ்ச் அடித்தபோது எண்ணின் அடியிலுள்ள உலோகமும் நசுங்கியிருப்பதால், மேற்பரப்பு தேய்ந்த பின்னும், தகுந்த அமிலக் கலவையால் அரித்துத் தடயவியல் நிபுணர்கள் அதைப் பலமுறை மீட்டிருக்கின்றனர். மேலே அடிக்கும் ஒவ்வோர் அடியும் அந்த வாய்ப்பை அழிக்கும்.

தகட்டைக் கழற்றுவது இவற்றினும் சிக்கலானது. ரிவிட்டும் சாட்சியே. ஜெனரல் மோட்டார்ஸ் 1960களின் நடுப்பகுதியிலிருந்து பூவிதழ் போன்ற தலையுடைய தனி ரிவிட்டைப் பயன்படுத்தியதால், அவ்வண்டிகளில் சாதாரண ரிவிட்டைக் கண்டால் சந்தேகம் பிறக்கும். அமெரிக்கச் சட்டத்தில் அடையாள எண்ணை அறிந்தே அகற்றுவதும் மாற்றுவதும் குற்றம். இந்தியாவிலும் அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பதிவு செய்ய 2021இல் தனி ஏற்பாடு வந்தபின், அவ்வெண்களைக் காட்டவேண்டிய சந்தர்ப்பங்கள் மிகுந்துள்ளன. துரு காரணமாகக் கழற்றியே தீர வேண்டுமானால், பதிவு அதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, பழைய ரிவிட்டுகளைப் பத்திரப்படுத்தி, மீண்டும் பொருத்தும்போது அலுமினியத் தகட்டுக்கும் இரும்புக்கும் இடையில் மெழுகோ பெயின்ட்டோ பூசி, இரு உலோகங்களும் ஈரத்தில் நேரடியாகத் தொடாதபடி செய்ய வேண்டும்.