வானூர்தி நிலைய உணவகம்

வானூர்தி நிலைய உணவகம் என்பது வானூர்தி நிலையத்தில் பயணிகளும் பிறரும் மேசையில் அமர்ந்து உண்ணும் வகையில், பணியாளர் உணவு பரிமாறும் இடம் ஆகும். நின்றபடி உண்ணும் சிற்றுண்டிக் கடைகளிலிருந்தும், உணவைப் பொதி செய்து தரும் கடைகளிலிருந்தும் இது வேறுபட்டது. இங்கு யார் உண்ணலாம், எவ்வளவு நேரம் அமரலாம், என்ன விலை கொடுக்க வேண்டும் என்பன பெரும்பாலும் பாதுகாப்புச் சோதனைக் கோட்டின் எப்பக்கத்தில் உணவகம் உள்ளது என்பதைப் பொறுத்தவை.

வரலாறு

அயர்லாந்தின் போயின்சு பறக்கும் படகு நிலையத்தில், குளிரில் வந்திறங்கிய பயணிகளுக்காகச் சமையற்காரர் ஜோ செரிடன் 1940களில் ஐரிஷ் காப்பியை உருவாக்கியதாகக் கூறப்படுகிறது.

ஐக்கிய அமெரிக்காவின் நியூவர்க் வானூர்தி நிலையத்தில் 1953 இல் திறக்கப்பட்ட நியூவர்க்கர் உணவகம், பயணம் செய்யாத உள்ளூர் மக்களையும் ஈர்த்தது. இதனை நடத்திய ஜோ பாம், பின்னர் நியூயார்க்கின் புகழ்பெற்ற போர் சீசன்ஸ் உணவகத்தை (1959) உருவாக்கியவர்களுள் ஒருவர். லாஸ் ஏஞ்சலஸ் வானூர்தி நிலையத்தில் 1961 இல் திறக்கப்பட்ட தீம் கட்டடம், வளைந்த கால்களின்மேல் நிற்கும் பறக்கும் தட்டைப் போன்றது. முனையங்களுக்கு வெளியே இருந்த இதன் உணவகம் 2013 இல் மூடப்பட்டது.

பாதுகாப்புச் சோதனையின் தாக்கம்

செப்டம்பர் 11, 2001 தாக்குதல்களுக்கு முன்னர் ஐக்கிய அமெரிக்காவில் வழியனுப்ப வந்தோரும் சோதனைக்குப் பின் வாயில்வரை செல்ல முடிந்தது. அதன்பின் பயணிகள் அல்லாதோர் பொதுவாகத் தடுக்கப்பட்டதால், புறப்படுபவருடன் வாயிலருகே அமர்ந்து உண்ணும் வழக்கம் அருகியது. இந்தியாவில் பயணச்சீட்டு இல்லாதோர் பொதுவாகப் புறப்பாட்டு முனையத்தினுள்ளேயே அனுமதிக்கப்படுவதில்லை. மாறாக, சிங்கப்பூரின் சாங்கி வானூர்தி நிலையத்தில் பொதுப் பகுதியிலேயே பல உணவகங்கள் உள்ளன. அங்கு குடும்பத்தினர் ஒன்றாக உண்டு விடைபெற முடிகிறது.

ஆகத்து 2006 இல் இலண்டனில் திரவ வெடிபொருள் சதி கண்டறியப்பட்டது. இதனையடுத்து, பன்னாட்டுப் பயணங்களில் 100 மில்லிலீட்டருக்கு மேற்பட்ட கலங்களில் திரவங்களைக் கைப்பையில் எடுத்துச் செல்வது பல நாடுகளில் தடை செய்யப்பட்டது. இட்லி, சப்பாத்தி போன்ற திண்ம உணவுகளைப் பெரும்பாலும் எடுத்துச் செல்லலாம், குழம்பு தடுக்கப்படலாம். புதிய வருடிகள் பொருத்தப்பட்ட சில நிலையங்களில் இவ்விதி அண்மையில் தளர்த்தப்பட்டுள்ளது.

நேரம்

வானூர்தி புறப்படும் நேரமும் ஏறும் வாயில் மூடப்படும் நேரமும் வேறானவை. இந்திய உள்நாட்டுப் பயணங்களில் பல நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 25 நிமிடங்களுக்கு முன்னரே வாயிலை மூடுகின்றன. எனவே சோதனையை முடித்தபின் உண்பதும், உணவு கேட்கும்போதே சமைக்க ஆகும் நேரத்தை வினவுவதும், விலைச்சீட்டை முன்கூட்டியே பெறுவதும் பயணிகளுக்கு உதவும். வாயில் மாற்றங்கள் அறிவிப்புப் பலகையில் காட்டப்படும். சில நிலையங்களில் ஒலிபெருக்கி அறிவிப்புகள் குறைக்கப்பட்டுள்ளதால், அழைப்பை மட்டும் நம்பி அமர்ந்திருப்பது பொருத்தமன்று.

விலை

உணவகங்கள் வாடகையுடன் விற்பனையில் ஒரு பங்கையும் நிலையத்துக்குச் செலுத்துவது பரவலான முறையாகும். சரக்குகளும் பணியாளரும் சோதனைக்கு உட்படுவதாலும் செலவு கூடுகிறது. சோதனையைக் கடந்த பயணி வெளியே சென்று உண்ண இயலாமையால் போட்டியும் குறைவு. இதனைக் கட்டுப்படுத்த, ஐக்கிய அமெரிக்காவின் போர்ட்லண்ட் வானூர்தி நிலையம் நகரக் கடைகளின் விலையையே வாங்குமாறு விதித்துள்ளது. இந்தியாவில் உடான் யாத்ரி கபே என்னும் மலிவு விலைக் கடை திசம்பர் 2024 இல் கொல்கத்தாவிலும், பெப்ரவரி 2025 இல் சென்னையிலும் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் தேநீர் 10 ரூபாய்க்கும் காப்பி 20 ரூபாய்க்கும் அங்கு விற்கப்பட்டன.

இவற்றையும் பார்க்கவும்

வானூர்தி நிலையம்
உணவகம்
ஐரிஷ் காப்பி