பாஸ்வேர்டா, விபிஎன்னா, ஓடிபியா?

1/ ஆஸ்பத்திரி சர்வருக்கு எது பாதுகாப்புன்னு சிலர் கேட்டிருந்தீங்க. கொஞ்சம் பழைய கதையிலிருந்து சொல்றேன்.

2/ பாஸ்வேர்டு வந்தது 1961 வாக்கில், அமெரிக்காவின் எம்ஐடியில். 1962-லேயே ஒரு ஆராய்ச்சி மாணவர் மொத்தப் பட்டியலையும் பிரின்ட் எடுத்துட்டார். கம்ப்யூட்டர்ல கூடுதல் நேரம் வேணுமாம்!

3/ டெல்நெட்டில் பாஸ்வேர்டு போஸ்ட் கார்டு மாதிரி திறந்தே போகும். 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் ஒட்டுக்கேட்டுத் திருடினாங்க. அதுக்குப் பதிலா டாட்டு யுலோனென் எழுதினதுதான் எஸ்எஸ்ஹெச். அதுவும் விபிஎன்னும் பாதையை மூடும். பாஸ்வேர்டையே திருடினவனைத் தடுக்க ஓடிபி.

4/ எல்லாம் தாண்டி உள்ளே வந்துட்டா? கூடங்குளம், 2019: முதல்ல மறுத்தாங்க, மறுநாள் ஒத்துக்கிட்டாங்க. வைரஸ் இருந்தது இணையத்தோட சேர்ந்த நிர்வாகக் கணினியில. உலையின் நெட்வொர்க் தனி, அதனால அங்கே பாதிப்பில்லைன்னு அணுமின் கழகம் சொன்னது.

5/ டெல்லி எய்ம்ஸ், நவம்பர் 2022: 5 சர்வர், சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. ஓபி சீட்டு, லேப் ரிசல்ட் எல்லாம் பல நாள் கையால எழுதினாங்க. (காவலூர்ல டவர் போனா நமக்கு நோட்டுதான், பழகிடுச்சு. அங்கே வர்ற கூட்டத்துக்கு?) நெட்வொர்க்கைச் சரியா பிரிக்கலைன்னு அரசே நாடாளுமன்றத்துல சொன்னது.

6/ அதனால என் வரிசை: முதல்ல நெட்வொர்க்கைப் பிரிக்கணும், அப்புறம் ஓடிபி, அப்புறம் விபிஎன். 30 நாளைக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாத்தச் சொல்ற சுற்றறிக்கை கடைசி. வார்டு மொத்தமும் ஒரே லாகின்னா, அதுவும் வேஸ்ட்.