ஓட்ஸ் தாத்தாவும் ஒரு நைலான் கதையும்

டாக்டர் புண்ணியத்துல அப்பாவுக்கு ரெண்டு வருஷமா காலையில ஓட்ஸ் கஞ்சிதான். போன வாரம் அந்த குவாக்கர் டப்பாவைக் காட்டி, "இந்தத் தொப்பித் தாத்தா கம்பெனி ஒரு காலத்துல நைலானுக்குச் சரக்கு கொடுத்துச்சு, தெரியுமாப்பா?"ன்னு கேட்டேன். "கஞ்சியே நைலான் மாதிரிதான்டா இருக்கு"ன்னு பதில் வந்துச்சு. நான் சொன்னது நெசம் மக்களே. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

(பொட்டி தட்டுறவனுக்கு எதுக்கு கெமிஸ்ட்ரின்னு கேக்குறவங்களுக்கு: முதல் வருஷ பரீட்சையில "வினையூக்கி என்றால் என்ன?"ங்கிற ரெண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணி எழுதினவன் நான். அது புரிய பத்து வருஷம் ஆச்சு.)

கதை ஜெர்மனியில யேனா நகரத்துல ஆரம்பிக்குது. பள்ளிக்கூடத்துல மும்மை விதி படிச்சோமே, அதே டோபரைனர்தான் நாயகன். குதிரை வண்டிக்காரர் மகன். பெரிய படிப்பு கிடையாது, மருந்துக்கடையில வேலை கத்துக்கிட்டு 1810ல பேராசிரியர் ஆனவர். 1823ல, பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கிற பிளாட்டினத்து மேல ஹைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சினார். நெருப்பு வைக்காமலே பத்திக்கிச்சு! அதை வச்சு ஒரு லைட்டரே செஞ்சார், காப்புரிமை வாங்காம விட்டார். பிளாட்டினம் விலை அதிகம்னு, அதைக் களிமண்ணோட கலந்து உருண்டையும் பிடிச்சுப் பார்த்தார். கொஞ்சம் உலோகம், அதைத் தாங்க மலிவான ஒரு பொருள். இன்னைக்கு ஆலைகள்ல இருக்கிற வினையூக்கிகளோட அடிப்படை இதுதான்.

அதே மனுஷன் 1821 வாக்கில ஃபார்மிக் அமிலம் தயாரிக்கும்போது கொஞ்சூண்டு எண்ணெய் மாதிரி ஒரு திரவம் மிஞ்சிச்சு. 1832ல அதைப் பத்தி எழுதினார். 1840ல ஸ்காட்லாந்துக்காரர் ஸ்டென்ஹவுஸ், தவிடு, மரத்தூள், ஓட்ஸ் எதை அமிலத்துல காய்ச்சினாலும் இது வரும்னு கண்டுபிடிச்சார். பேரு ஃபர்ஃபுரால். லத்தீன்ல ஃபர்ஃபர்னா தவிடு.

ஆக, வினையூக்கியும் தவிட்டு எண்ணெயும் ஒரே ஆளோட மேசையில இருந்துச்சு. ஆனா ரெண்டும் ஆலையில சேர நூறு வருஷம் ஆச்சு. ஏன்? ரெண்டு சாமான் மலிவாகணும்.

முதல்ல உலோகம். 1897ல பிரான்ஸ்ல சபாத்தியே, ஹைட்ரஜன் ஏத்துற வேலைக்கு மலிவான நிக்கலே போதும்னு காட்டினார். 1912ல நோபல் பரிசு. 1902ல ஜெர்மனியில நார்மன் அதே நிக்கலை வச்சு எண்ணெயைக் கெட்டியாக்கக் காப்புரிமை வாங்கினார். 1937ல நம்மூருக்கு வந்த டால்டா இந்த வம்சம்தான். வினை நடக்கிறது உலோகத்தோட மேல்பரப்புல மட்டும்தான், உள்ளே இருக்கிற அணுவெல்லாம் தண்டம். அதனால அதைத் தூள் தூளா துளையுள்ள பொருள்மேல பரப்பிடுவாங்க. நல்ல கிளர்வூட்டிய கரி ஒரு கிராம்ல சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். நம்ம கணக்குல நாலு கிரவுண்டுக்கு மேல!

ரெண்டாவது, தவிடு. இங்கதான் ஓட்ஸ் தாத்தா வர்றார். அமெரிக்காவுல சீடர் ரேப்பிட்ஸ் ஆலையில உமி மலை மாதிரி குவிஞ்சு கிடந்துச்சு. அதை நல்ல மாட்டுத்தீவனமா மாத்தப் போய், 1922ல ஃபர்ஃபுரால் தயாரிக்க ஆரம்பிச்சாங்க. சோதனைச்சாலை அபூர்வம் பீப்பாய் பீப்பாயா வந்துச்சு.

அப்புறம் 1940களோட கடைசியில டூபாண்ட் கம்பெனி இதை வாங்கி நயாகரா ஆலையில நைலானுக்கான மூலப்பொருள் செஞ்சுது. ஃபர்ஃபுரால்ல இருந்து கார்பன் மோனாக்சைடைக் கழட்டினா ஃபியூரான், அதுல ஹைட்ரஜன் ஏத்தினா அடுத்த சரக்கு, இப்படிப் படிப்படியா. ரெண்டு படிக்குமே உலோக வினையூக்கிதான். வயக்காட்டுக் குப்பையில நைலான்! ஆனா 1961ல மூடிட்டாங்க. வேதியியல் தோத்துப்போகலை. கச்சா எண்ணெயில இருந்து வந்த பியூட்டாடையீன் அதைவிட மலிவு, அவ்ளோதான்.

இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் வலிச்சுது. நல்ல புரோகிராம் எழுதினா ஜெயிச்சிடும்னு நம்புற ஜாதி நான். பன்னிரண்டு வருஷம் போல ஒழுங்கா ஓடின தொழில்நுட்பம், விலைப்பட்டியல்ல ஒரு வரி மாறினதும் காலி.

ஃபர்ஃபுரால் முழுசா சாகலை. இன்னைக்குச் சீனாவுல மக்காச்சோளக் கட்டையில இருந்து ஏராளமா எடுக்கிறாங்க. அதுல பெரும்பங்கு தாமிர வினையூக்கி வழியா ஆல்கஹாலா மாறி, வார்ப்பட ஆலைகள்ல மணல் அச்சை இறுக்குற பிசின் ஆகுது. தாமிரத்தோட குரோமியம் சேர்ந்தா நச்சுங்கிறதால மாற்று தேடுறாங்க. கரிமேல ரூத்தேனியம் தூவி, சர்க்கரையில இருந்து வர்ற லெவுலினிக் அமிலத்தைக் கரைப்பானா மாத்துறாங்க. தலைவலி என்னன்னா, இந்தச் சரக்கெல்லாம் சூட்டுல பிசினாகித் துளையை அடைச்சிடும். அமிலமும் சுடுதண்ணியும் உலோகத்தைக் கரைச்சிடும். நிக்கல் டால்டாவுல பட்ட பாடெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

அதனால "விவசாயக் கழிவிலிருந்து பெட்ரோல், விஞ்ஞானிகள் சாதனை"ன்னு அடுத்த தடவை செய்தி வந்தா, மூணு கேள்வி கேளுங்க. கழிவு ஏற்கெனவே ஒரே இடத்துல குவிஞ்சிருக்கா, இல்ல லாரி வச்சுப் பொறுக்கணுமா? வினையூக்கி எத்தனை மாசம் தாங்கும்? கச்சா எண்ணெய் விலை பாதியானா இந்த ஆலை என்ன ஆகும்? ஓட்ஸ் தாத்தாகிட்ட முதல் கேள்விக்கு அருமையான பதில் இருந்துச்சு. மூணாவதுக்கு இல்லை.

வேதியியல் தெரிஞ்ச நண்பர்கள் எங்கயாவது சறுக்கியிருந்தா பின்னூட்டத்துல கொட்டலாம். அப்பாவுக்கு இன்னும் கஞ்சி பிடிக்கலை. ஆனா இப்பல்லாம் டப்பாவை ஒரு மரியாதையோட பார்க்கிறார்.