மதுரையில் இளவேனில்

வசந்தம் என்றவுடன் பனி உருகுவதும் பட்ட கிளை துளிர்ப்பதும் ஆங்கிலப் பாடல்களைப் பயிலும் மாணவர் நினைவுக்கு வருதல் இயல்பு. குளிர்நாடுகளுக்கு அது பொருந்தும். நமக்குச் சித்திரையும் வைகாசியும் இளவேனில். மதுரையிலோ அப்போது வீதியின் கல் காலைச் சுடும். ஆதலின் அந்நகர மக்கள் வசந்தத்தைப் போற்றிய முறை வேறு. நீர், நிழல், இரவு ஆகிய மூன்றையும் கொண்டே அவர்கள் தம் வசந்தத்தை அமைத்துக்கொண்டனர்.

இவ்வழக்கம் மிகப் பழையது. கலித்தொகையின் பாலைக்கலியில், பிரிந்த தலைவனை எண்ணி வருந்தும் தலைவி, இளவேனில் வந்ததையும், கூடல் நகரத்தார் வையைக் கரையிலும் பொழிலிலும் துணையோடு விளையாடுவதையும், காமவேள் விழாவையும் சொல்லி ஏங்குகிறாள். ஒருத்தியின் தனிமையைக் காட்டுவதற்கு, ஊரார் ஆற்றங்கரைக்குச் செல்லும் காட்சியைப் புலவர் எடுத்துக்கொண்டார் என்றால், அது அந்நாளில் யாவரும் அறிந்த வழக்கமாகவே இருந்திருத்தல் வேண்டும்.

பல நூற்றாண்டுகள் கழித்து, அந்த வசந்தத்திற்குக் கல்லிலேயே ஒரு வீடு கட்டினார் திருமலை நாயக்கர். அவர் ஆட்சிக்காலம் 1623 முதல் 1659 வரை. மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுரத்திற்கு எதிரே நிற்கும் புதுமண்டபம், வைகாசியில் நடைபெறும் வசந்த விழாவுக்காகவே எழுந்தது. வசந்த மண்டபம் என்பதும் அதற்குப் பெயர். நான்கு வரிசையாக 124 தூண்கள்; தூண்களில் நாயக்க மன்னர்தம் உருவங்கள். ஆயினும் நான் வியப்பது சிற்பத்தை அன்று. மண்டபத்தைச் சுற்றி நீர் நிரப்புவதற்கென ஓர் அகழிபோன்ற வாய்க்கால் அமைத்திருக்கிறார்களே, அதனைத்தான். நீரின்மேல் தவழ்ந்து வரும் காற்று உள்ளே குளிர்ந்து வீசும் என்பதை அறிந்த கைகள் அவை. பிற்காலத்தில் தையற்காரரும் புத்தக வணிகரும் வளையல் விற்போரும் அங்கே நெடுங்காலம் கடை பரப்பியிருந்தனர். கட்டி ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆகியும் அது இன்னும் 'புது' மண்டபந்தான்!

இம்மன்னர் செய்த மற்றொரு மாற்றம் இதனினும் பெரிது. முன்பு மாசியில் நடந்த மீனாட்சி திருமணத்தை அவரே சித்திரைக்கு மாற்றினார் என்பது மரபு. இதற்குச் சான்று தேடி நூலகம் செல்ல வேண்டுவதில்லை; வீதியே சொல்லும். மதுரையின் வீதிகள் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என மாதங்களின் பெயர் தாங்கியவை. சித்திரைத் திருவிழாவின் தேரோ இன்றும் மாசி வீதிகளிலேதான் ஓடுகிறது. திங்கள் மாறியது, தேரின் தடம் மாறவில்லை.

அழகர் ஆற்றில் இறங்கும் விழா முன்னர் சோழவந்தானை அடுத்த தேனூரில் நடைபெற்றது என்பர். அதுவும் மதுரைக்கு வந்து சேர்ந்தது. கோயில் மரபின்படி அழகர் வருவது மண்டூக முனிவரின் சாபம் தீர்க்கவே. மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுப்பதற்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் எழுந்தருளுகிறார். எனினும், தங்கை திருமணத்திற்குப் புறப்பட்ட அண்ணன் காலந்தாழ்ந்து வந்து, சினந்து, ஆற்றோடு திரும்பினான் என்பதே மக்கள் சொல்லும் கதை. நகரத்துச் சைவ விழாவையும் நாட்டுப்புறத்து வைணவ விழாவையும் இணைத்தது அரசாணை மட்டும் அன்று, இக்கதையும் ஆகும். உறவினர் சிறிது பிணங்கினால்தானே அது கல்யாண வீடு!

திருமண நாளன்று மதுரை மகளிர் தம் தாலிக்கயிற்றைப் புதிதாக மாற்றிக்கொள்வர். உழவர் குடும்பங்கள் பிள்ளைகளோடும் கட்டுச்சோற்றோடும் வண்டி கட்டிக்கொண்டு முன்னாளில் நகருக்கு வந்தன. வழியெங்கும் நீர்மோரும் பானகமும் வழங்கும் பந்தல்கள். தல்லாகுளத்தில் எதிர்சேவை, சித்திரை முழுநிலா நாளின் விடியலில், ஆண்டாள் சூடிய மாலை அணிந்து, தங்கக் குதிரையில் அழகர் வையையில் இறங்குவார். சர்க்கரை நிரப்பிய செம்பில் சூடம் ஏற்றிப் பெண்கள் வரவேற்பர். அழகர் வேடம் பூண்டோர் தோற்பையில் நிரப்பிய நீரைப் பீய்ச்சுவர். பகல் வெயிலுக்கு அந்நீரே மருந்து. மறுநாள் இரவு இராமராயர் மண்டபத்தில் விடியும்வரை தசாவதாரக் காட்சி; தாயின் மடியில் உறங்கிவிட்ட குழந்தைகள் ஒவ்வோர் அவதாரத்திற்கும் எழுப்பப்படுவார்கள்.

கொள்ளைநோயினால் 2020ஆம் ஆண்டில் அழகர் ஆற்றுக்கு வரவில்லை. 2021இல் விழா கோயிலுக்குள்ளேயே நடந்தது. அடுத்த ஆண்டே மக்கள் வெள்ளம் திரும்பியது. ஆற்று வெள்ளம் அவ்வளவு எளிதில் திரும்புவதன்று. பாலைக்கலித் தலைவி எண்ணி ஏங்கிய அதே வையை, இன்று சித்திரையில் பெரும்பாலும் மணலாகவே கிடக்கிறது. ஆண்டிபட்டிக்கு அருகில் 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் நீர் உள்ள ஆண்டுகளில், விழாவுக்குச் சில நாள் முன்னரே மதகைத் திறந்து, அழகர் இறங்குவதற்கென மதுரைக்கு நீர் அனுப்புகிறார்கள்.