விளங்காத நடத்தையும் திருச்சபையின் பொறுப்பும்: தெசாவ் முதல் பெத்தேல் வரை

குழந்தையொன்றோ நோயாளி ஒருவரோ நமக்கு விளங்காத வகையில் நடந்துகொள்ளும்போது, அந்நடத்தைக்குப் பெயர் சூட்ட மனிதர் விரைகின்றனர். பேய் என்பர் சிலர். சாபம் என்பர் சிலர். வெறும் பிடிவாதம் என்பர் வேறு சிலர். இவ்விரைவில் திருச்சபைக்கும் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பெயர் சூட்டுமுன் ஆளை நோக்கும் மரபொன்றும் திருச்சபைக்குள் தோன்றியதுண்டு. இவ்விரண்டையும் ஜெர்மானியத் திருச்சபையின் வரலாற்றிலிருந்து ஈண்டு ஆராய்வோம்.

1. தெசாவ் நகரத்துப் பிள்ளை

மார்ட்டின் லூத்தர் உணவு மேசையில் பேசியவற்றை அவருடைய மாணவர் குறித்து வைத்தனர். 1540ஆம் ஆண்டைச் சார்ந்த குறிப்பொன்று, தெசாவ் நகரில் அவர் கண்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பற்றியது. அப்பிள்ளை நான்கு உழவர் உண்ணும் அளவு உண்டது, தொட்டால் அலறியது, வீட்டில் தீங்கு நேர்ந்தால் சிரித்தது, நன்மை நேர்ந்தால் அழுதது. பிசாசு மெய்ப்பிள்ளையைக் கவர்ந்துகொண்டு வேறொன்றை அவ்விடத்தில் வைத்துச் செல்லும் என்பது அக்கால மக்களின் நம்பிக்கை. லூத்தரும் அவ்வாறே கருதினார். ஆன்மா அற்ற தசைப்பிண்டம் அது என்றும், ஆற்றில் எறிந்துவிடலாம் என்றும் அவர் ஆலோசனை கூறியதாகக் குறிப்பு சொல்கிறது. நாட்டை ஆண்ட பிரபுக்களோ அதற்கு இணங்கவில்லை.

இது பிறர் எழுதிவைத்த குறிப்பே. எனினும் சீர்திருத்தத் திருச்சபையினர் இதனை மறைத்தல் ஆகாது. கிருபையை அத்துணைத் தெளிவாய்க் கண்ட கண்கள் ஒரு பிள்ளையைக் காணத் தவறியது எதனால்? விளக்கம் முன்னரே ஆயத்தமாயிருந்தது. ஆகவே அப்பிள்ளைக்கு வலி எங்கே, தொடுதல் அதற்கு ஏன் அச்சம் விளைவிக்கிறது என்று வினவுவதற்குத் தேவையே இல்லாமற் போயிற்று.

2. நற்செய்தியில் ஒரு வினா

மத்தேயு 17ஆம் அதிகாரத்தில் சந்திரரோகி என அழைக்கப்படும் சிறுவனின் வரலாற்றை மாற்கு 9ஆம் அதிகாரம் விரிவாய்த் தருகிறது. சீஷரும் வேதபாரகரும் தர்க்கித்துக்கொண்டிருந்தனர். இயேசுவோ, இது எவ்வளவு காலமாய் இவனுக்கு உண்டாயிருக்கிறது என்று தகப்பனிடம் வினவினார். சிறுவயது முதல் தீயிலும் நீரிலும் விழுந்து வந்ததை அத்தகப்பன் எடுத்துரைக்க அவ்வினா வாயில் திறந்தது. மருத்துவர் இன்றும் முதலாவது கேட்பது இதனையே. நற்செய்தியாளர் அந்நோயை ஆவியின் செயலாகவே எடுத்துரைக்கின்றனர். அவ்வாறிருந்தும் ஆண்டவர் விசாரிக்காமல் செயற்படவில்லை என்பது போதகர் கருதத்தக்கது.

3. பெத்தேல்

1867இல் ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகருக்கருகே வலிப்பு நோயாளருக்கென ஓர் இல்லம் தொடங்கப்பட்டது. 1872இல் அதன் பொறுப்பேற்றவர் ஃப்ரீட்ரிக் ஃபான் போடெல்ஷ்விங் என்னும் போதகர். 1869இல் இரு வாரத்துக்குள் தம் நான்கு பிள்ளைகளையும் அடக்கம் செய்தவர் அவர். பெத்தேல் எனப் பெயர் பெற்ற அவ்வில்லம் ஓர் ஊராகவே வளர்ந்தது. நோயாளர் தத்தம் ஆற்றலுக்கேற்பத் தோட்டத்திலும் பட்டறையிலும் பணிபுரிந்தனர். ஆராதனையில் திடீரென ஒருவர் விழுந்தாலும் அவரைத் தாங்குவோர் அருகிலிருந்தனர். எவரும் மறைத்து வைக்கப்படவில்லை.

1940இல் இம்மரபுக்குச் சோதனை வந்தது. நோயின் பெயர், இல்லத்தில் தங்கிய ஆண்டுகள், வேலை செய்யும் திறன் ஆகியவற்றைக் கேட்டு நாசி அரசு படிவங்களை அனுப்பியது. பெத்தேல் வேலையை மனித மாண்புக்கு அடையாளமாய்க் கொடுத்திருந்தது. அரசோ அதனையே உயிரின் விலைக்கு அளவுகோலாக்கிற்று. 1941 ஆகஸ்டு வரை ஏறத்தாழ 70,000 நோயாளர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். போடெல்ஷ்விங்கின் மகனும் அப்போது பெத்தேலின் தலைவருமான ஃப்ரிட்ஸ், படிவங்களை நிரப்ப மறுத்தார். அவருடைய உடன் ஊழியர் பவுல் கெர்ஹார்ட் பிரவுனே, கொலைகளைக் குறித்து அரசுக்கு விண்ணப்பம் எழுதிச் சிறை சென்றார். பெத்தேலின் நோயாளருள் மிகுதியானோர் இவ்வாறு தப்பினர்.

அனைவரும் தப்பவில்லை. 1940 செப்டம்பரில் யூத நோயாளர் எழுவர் அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். அதற்கு முன்னரே, 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பலருக்குக் கருத்தடை செய்யப்பட்டபோது பெத்தேல் அதற்கு உடன்பட்டிருந்தது. நல்ல மரபும் விழித்திராவிடில் தளர்ந்துபோகும்.

4. நம் கடமை

வலிப்பு எப்போதும் தரையில் விழுந்து துடிப்பதாகவே வருவதில்லை. வகுப்பில் சில நொடிகள் வெறித்து நோக்கிப் பின் ஏதுமறியாதது போலிருக்கும் பிள்ளையைக் கவனமின்மைக்காக அடிக்கிறோம். உதட்டைச் சப்பிக்கொண்டும் ஆடையைப் பிசைந்துகொண்டும் நிலைதெரியாமல் நடப்பவரைப் பேய் பிடித்தவர் என்கிறோம். இவை மூளையில் எழும் மின்மாறுபாட்டினால் உண்டாகலாம். மருந்தினால் பெரும்பாலோர்க்கு இவை கட்டுப்படும். விழுந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதாற் பயனில்லை. வாயில் எதையும் வைக்காமல், ஒருபுறமாய்ச் சாய்த்துக் கிடத்தி, அடிபடாமற் காத்து, தெளியும்வரை அருகிருத்தலே வேண்டுவது. ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஜெபிக்கும்படி பெற்றோர் பிள்ளையைக் கொண்டுவருகையில் போதகர் ஜெபிக்கட்டும். அதற்குமுன் அமர்ந்து, எப்போது தொடங்கிற்று, எவ்வாறு வருகிறது, மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கேட்கட்டும். ஜெபத்தைக் காரணங்காட்டி மருந்தை நிறுத்தச் சொல்லுதல் எந்தப் போதகருக்கும் தகாது; அதனால் உயிரே போகக்கூடும். தெசாவில் கேட்கப்படாத கேள்வியை நம் சபைகளில் கேட்பதே, அப்பிள்ளைக்கு நாம் பட்டிருக்கும் கடன்.