மாண்டவி ஆற்றின் சூதாட்டக் கலங்கள்

சூதாட்டத்தை விலக்க 1976-இல் இயற்றப்பட்ட கோவாச் சட்டம், 1992-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஐந்து நட்சத்திர விடுதிகளில் சூதாட்டப் பொறிகளுக்கு வழிவிட்டது. 1996-இல் கரைக்கு அப்பால் நிற்கும் கலங்களுக்கும் அனுமதி கிடைத்தது. அக்கலங்களை நடுக்கடலில் தேட வேண்டுவதில்லை. பணஜி நகருக்கு எதிரே, மாண்டவி ஆற்றிலேயே அவை நங்கூரமிட்டு நிற்கக் காண்கிறோம்!

உரிமக் கட்டணம் கருவூலத்தை அடைந்தது. இளைஞருக்கு வேலையும் கிடைத்தது. ஆயினும் உள்ளூர்க் குடும்பங்கள் சீரழியுமென்ற அச்சத்தால் எதிர்ப்பு வலுத்தது. கோவா மக்கள் ஆடலாகாதெனும் திருத்தம் 2012-இலேயே நிறைவேறியும், 2020 பிப்ரவரி 1 முதற்கொண்டே நடைமுறைக்கு வந்தது. அங்கே அவர்கள் ஊழியம் புரியத் தடையில்லை.

வெளிமாநிலத்தாருக்கோ கதவு திறந்தே இருக்கிறது. மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவரும் அவ்விருந்தினருள் அடக்கம். தோற்றவரின் வீடு தொலைவில் இருப்பதால், அவ்வீட்டின் துயரம் பணஜியின் வரவுக்கணக்கில் ஏறுவதில்லை.