புத்தி சொன்னால் குடி நிற்குமா? சில ஆய்வுக் குறிப்புகள்

எங்கள் ஊர் ஆத்தூர். சேலத்து ஆத்தூர் என்று நினைத்துவிட வேண்டாம். திண்டுக்கல் பக்கம், செம்பட்டியைத் தாண்டி, காமராஜர் அணை இருக்கிற ஆத்தூர். என் தாய்மாமா அங்கேதான் குடித்தே செத்தார், 2014ல். கடைசி ஆறேழு வருஷம் லீவுக்குப் போகும்போதெல்லாம் அவருக்குப் புத்தி சொன்னேன். கெட்டுப்போன ஈரலின் படம் காட்டினேன். மாசச் செலவை எக்செல்லில் போட்டு பிரிண்ட் எடுத்துக்கூடக் கொடுத்தேன் (சாஃப்ட்வேர் புத்தி, வேறென்ன). அவர் பதில் ஒன்றுதான்: "நான் யாரு காசுல குடிக்கிறேன் மாப்ள?" நான் ஒரு காரணம் சொன்னால் அவர் இரண்டு சொல்வார். ஒவ்வொரு தடவையும் வாதத்தில் அவர்தான் ஜெயிப்பார், அந்தச் சந்தோஷத்தில் சாயங்காலம் கடைக்குக் கிளம்பிவிடுவார்.

இப்படி நடப்பது எங்கள் வீட்டுக் கோளாறு மட்டும் இல்லை என்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. இதற்கு நாற்பது வருஷத்துக்கும் மேலான ஆராய்ச்சி வரலாறே இருக்கிறது.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்து உளவியலாளர் வில்லியம் மில்லர் 1980ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். குடிப்பழக்கத்துக்கு எந்த சிகிச்சை நல்லது என்று பார்ப்பதுதான் திட்டம். சிகிச்சைகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. ஒன்பது ஆலோசகர்களை, எதிரே இருப்பவர் சொல்வதை எவ்வளவு பரிவோடு காதில் வாங்குகிறார்கள் என்பதை வைத்து மேற்பார்வையாளர்கள் வரிசைப்படுத்தியிருந்தார்கள். ஆறு மாசம் கழித்து யார் எவ்வளவு குடிக்கிறார் என்பதில் இருந்த வேறுபாட்டில் மூன்றில் இரண்டு பங்கை அந்த வரிசையே விளக்கிவிட்டது. பரிவு குறைந்த ஆலோசகரிடம் போவதைவிட, ஒரு சுயஉதவிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் நன்றாக இருந்தார்கள்! தேடிப்போனது ஒன்று, கிடைத்தது வேறொன்று. லாக் ஃபைலில் வேறு எதையோ தேடும்போது உண்மையான பக் கண்ணில் படுமே, அந்த மாதிரி.

1982ல் மில்லர் நார்வேயில் பெர்கன் நகருக்குப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் தங்கியிருந்தார். அங்கிருந்த இளம் உளவியலாளர்கள் "ஏன் இந்தக் கேள்வி கேட்டீர்கள், ஏன் அதைச் சொல்லவில்லை" என்று குடைந்ததில், தான் என்ன செய்கிறோம் என்பதை அவரே எழுதிப் பார்க்க வேண்டியதாயிற்று. 1983ல் அது கட்டுரையானது. 1991ல் ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து புத்தகமானது. மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்று பெயர். தமிழில் 'ஊக்க நேர்காணல்' என்று போட்டால் டிஎன்பிஎஸ்சி நினைவு வருகிறது, அதனால் அப்படியே விட்டுவிடுகிறேன்.

விஷயம் சுருக்கமாக இது. குடிக்கிற எவருக்கும் மனசுக்குள் இரண்டு கட்சி உண்டு. நாம் 'நிறுத்து' கட்சியில் போய் உட்கார்ந்துகொண்டால் மிச்சம் இருக்கிற கட்சியை அவர் எடுத்துக்கொள்வார். தன் வாயால் சொன்னதைத்தான் மனுஷன் நம்புவான். ஆகவே நிறுத்துவதற்கான காரணம் அவர் வாயிலிருந்து வருகிற மாதிரி கேட்க வேண்டும், வந்ததும் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 1993ல் மில்லர் குழு 42 பேரை வைத்து இதைச் சோதித்தது. ஆலோசகர் எவ்வளவுக்கு எவ்வளவு மல்லுக்கு நின்றாரோ, ஒரு வருஷம் கழித்து அவரிடம் வந்தவர் அவ்வளவு அதிகமாகக் குடித்தார்.

'மோட்டிவேஷன்' என்ற வார்த்தை எங்கள் பக்கம் புதுசு இல்லை. 1960களில் காந்திகிராமத்து ஆட்கள் ஆத்தூர் வட்டாரத்தில் நடத்திய குடும்பக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி வெளிநாடு வரை பேசப்பட்டது. ஆனால் குடும்பக் கட்டுப்பாட்டில் மோட்டிவேட்டர் என்றால், ஏற்கெனவே முடிவான ஒன்றுக்கு ஆளைச் சம்மதிக்க வைத்து 'கேஸ்' கூட்டிக்கொண்டு வருபவர். மில்லர் சொல்வது கிட்டத்தட்ட இதற்கு நேர் எதிர்.

சரி, வேலை செய்கிறதா? இங்கே உற்சாகத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். 1997ல் முடிவு வெளியான அமெரிக்காவின் பிராஜெக்ட் மேட்ச் ஆய்வில் 1,726 பேர். இந்த முறையில் நாலு சந்திப்பு, மற்ற இரண்டு முறைகளில் பன்னிரண்டு. பலன் ஏறக்குறைய ஒன்றுதான். 2005ல் பிரிட்டனில் 742 பேரிடமும் அதே கதை. 2011ல் காக்ரேன் அமைப்பு 59 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஒன்றுமே செய்யாததற்கு இது மேல், மற்ற சிகிச்சைகளைவிட மேல் என்று சொல்ல முடியாது, நாள் ஆக ஆகப் பலன் தேய்கிறது, சான்றின் தரமும் சுமார் என்றது. அதாவது மந்திரம் இல்லை. ஆனால் சீக்கிரம் முடிகிறது, செலவு கம்மி.

செலவு கம்மி என்பது நம் ஊருக்குத்தான் முக்கியம். தமிழ்நாட்டில் குடியைப் பற்றி நடக்கிற பேச்செல்லாம் சட்டத்தைப் பற்றியே. 1937 சேலம் மதுவிலக்கு, 1971 தளர்வு, 2003ல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்குப் போனது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980ல் தொடங்கிய மையம் மாதிரி சிகிச்சைக்கென்று இடங்கள் உண்டு, ஆனால் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் குடிக்கிறவரோடு உட்கார்ந்து பேச யார் இருக்கிறார்கள்?

அதைத்தான் கோவாவில் சங்காத் அமைப்பு சோதித்தது. பத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள், 377 ஆண்கள். பேசியவர்கள் டாக்டரோ உளவியல் படித்தவரோ இல்லை. பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஆட்கள். தங்கள் உரையாடல் பதிவுகளைப் போட்டுக் கேட்டு ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள் (நாங்கள் கோட் ரிவ்யூ செய்வதுபோல). அதிகபட்சம் நாலு சந்திப்பு, ஒவ்வொன்றும் அரை மணி, முக்கால் மணி. மூன்று மாசத்தில் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்தவர்கள் 36 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 26. ஒரு வருஷத்தில் 54க்கு 32. தொடர்ந்து குடித்தவர்கள் குடிக்கும் அளவு மட்டும் குறையவில்லை. அந்தக் குறையையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

இந்த ஆய்வுக்கு ஆள் சேர்த்தது 2013 அக்டோபரிலிருந்து 2015 ஜூலை வரை. அந்த நாட்களுக்குள்தான் மாமா போனார். இதைப் படித்த ராத்திரி, ஆய்வில் பயன்படுத்திய உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் படிவத்தை எடுத்து, ஞாபகத்தில் இருந்ததை வைத்து மாமாவுக்கு மார்க் போட்டேன். மொத்தம் 40. கோவாவில் எடுத்துக்கொண்டது 12 முதல் 19 வரை வாங்கியவர்களை. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், மாமா 20ஐத் தாண்டிவிட்டார். அவரைச் சேர்த்திருக்கவே மாட்டார்கள்.

ஆனால் 2008 வாக்கில் என்ன மார்க் வாங்கியிருப்பார் என்று தெரியாது. அந்த வருஷம் ஒரு நாள் அணைக் கரையில் உட்கார்ந்திருக்கும்போது அவராகவே, "காலைல எந்திரிச்சா எனக்கே ஒரு மாதிரியா இருக்கு மாப்ள" என்றார். நான் உடனே ஈரலைப் பற்றி ஆரம்பித்தேன்.